நடுவரின் தீர்ப்பும் நெஞ்சின் தீர்ப்பும்

கால்பந்தாட்டத்தைப் பற்றி மதரஸாவில் ஓதிக் கொடுக்கும் ஒருவன் என்ன எழுதிவிட முடியும் என்று வாசகர்களில் சிலர் எண்ணக்கூடும். பந்தை உதைக்கும் கலை எனக்குத் தெரியாது. அதைப் பற்றி எழுதவும் நான் முற்படவில்லை. ஆனால் ஆட்டம் முடிந்த பிறகு நம் இளைஞர்கள் நடத்தும் வாதம் இருக்கிறதே, அது முற்றிலும் சட்ட நூல்களுக்குரிய வாதம். காழியின் அதிகாரம் எதுவரை செல்லும், யாருடைய சாட்சியம் ஏற்கத்தக்கது, தன் குற்றத்தைத் தானே ஒப்புக்கொள்பவனின் சொல் யாரைக் கட்டுப்படுத்தும், பொறுப்புக்கு ஆள் அமர்த்துவோர் எதைப் பார்க்க வேண்டும் என்று பிக்ஹு நூலார் ஆயிரம் ஆண்டுகளாக ஆராய்ந்தவை எல்லாம் தேநீர்க் கடை வாசலில் நின்றபடி ஆராயப்படுகின்றன. ஆராய்கின்றவர்களுக்குத்தான் அது தெரிவதில்லை.

மூங்கில்துறைப்பட்டு தென்பெண்ணையாற்றின் கரையில் அமைந்த ஊர். கரும்பும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும் ஊருக்குப் பெயர் தந்தவை. அரவைப் பருவத்தில் கரும்பு ஏற்றி வந்த டிராக்டர்கள் எடைமேடைக்குக் காத்து நிற்கும் இரவுகளில், ஒரு கைப்பேசியைச் சுற்றிப் பத்துத் தலைகள் கூடி ஆட்டம் பார்ப்பதைக் காணலாம். கேரளத்தில் வேலை பார்த்துத் திரும்பிய பிள்ளைகள் இந்தப் பித்தைத் தங்களோடு கொண்டு வந்திருக்கிறார்கள். 2022 டிசம்பர் 18ஆம் நாள் கத்தாரில் அர்ஜென்டினாவும் பிரான்சும் மோதிய இறுதியாட்டம் மூன்றுக்கு மூன்று என நின்று, பெனால்டி உதைகளில் அர்ஜென்டினாவுக்குச் சென்றதே, அந்த ஆட்டத்தின் வழக்கு இங்கே வாரக்கணக்கில் நடந்தது. இஷாத் தொழுகை முடிந்து வரும் என்னையும் நிறுத்தி, "ஹஜ்ரத், நீங்களே சொல்லுங்கள்" என்பார்கள்.

அவர்களுடைய வழக்குகள் மூன்றே. நடுவர் குருடர், அல்லது விலைபோனவர். எதிரணி ஆட்டக்காரன் ஏமாற்றுக்காரன். நம் அணியில் அதையே செய்தவன் சாமர்த்தியசாலி. அணியைத் தேர்ந்தவர்கள் வேண்டியவர்களை எடுத்து வேண்டாதவர்களை விட்டார்கள். இம்மூன்றிலும் பெருங்கோபம் நடுவர்மீதே பாய்கிறது. என் கருத்தில் இது தலைகீழான முறை. மைதானத்தில் உள்ள அத்தனை பேரிலும் உண்மையை அறியாமல் பேச வேண்டிய கடமை நடுவர் ஒருவருக்கே உண்டு. உண்மையை அறிந்தவன் வேறொருவன். பந்து தன் கையில் பட்டதா இல்லையா என்று அவனுக்கு எந்த ஐயமும் இல்லை. அவனிடம் யாரும் கேள்வி கேட்பதில்லை.

முதலில் நடுவரின் வழக்கை எடுத்துக்கொள்வோம். நம் நாட்டிலேயே நடந்த ஒரு நிகழ்ச்சி. 2023 மார்ச் 3ஆம் நாள், பெங்களூர் ஸ்ரீ கண்டீரவா மைதானத்தில், இந்தியன் சூப்பர் லீக் போட்டியின் அரையிறுதிக்குச் செல்வது யார் என்பதை முடிவு செய்யும் ஆட்டம். பெங்களூரு எஃப்சியும் கேரளா பிளாஸ்டர்ஸும் தொண்ணூறு நிமிடம் ஆடியும் கோல் விழவில்லை. கூடுதல் நேரத்தில், 96ஆம் நிமிடத்தில், பெங்களூருக்கு ஒரு ஃப்ரீ கிக் கிடைத்தது. கேரள அணியினர் தடுப்புச் சுவர் அமைப்பதில் முனைந்திருந்த வேளையில், சுனில் சேத்ரி காத்திராமல் பந்தை உதைத்து வலைக்குள் அனுப்பினார். நடுவர் கிறிஸ்டல் ஜான் அதைக் கோல் என்று அறிவித்தார். கேரள அணியின் பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச் தம் ஆட்டக்காரர்களை மைதானத்தைவிட்டு வெளியே அழைத்துச் சென்றார். அவர்கள் திரும்பவில்லை. வெற்றி பெங்களூருக்கு என்றாயிற்று.

இதில் ஆட்ட விதி தெளிவானதுதான். எதிரணியினர் பத்து கஜம் விலகும்வரை காத்திருப்பது உதைப்பவரின் உரிமை, கட்டாயமன்று. அவர் விரும்பினால் உடனே உதைக்கலாம். நடுவர்தாம் தலையிட்டு, விசில் ஊதும்வரை நிறுத்துமாறு சொல்லியிருந்தால் மட்டும் உதைக்கலாகாது. ஆகவே கேள்வி விதியைப் பற்றியதன்று, நிகழ்ச்சியைப் பற்றியது. நடுவர் நிறுத்தச் சொன்னாரா, இல்லையா? சுவரும் வேண்டாம், விசிலும் வேண்டாம் என்று தாம் நடுவரிடம் கூறியதாகச் சேத்ரி பின்னர் சொன்னார். கேரளத்தார் அதை ஏற்கவில்லை. அந்தச் சில நொடிகளில் அங்கே பேசப்பட்டது என்ன என்பது அருகில் நின்ற இரண்டு மூன்று பேருக்கே தெரியும். ஆனால் கொச்சியிலும் பெங்களூரிலும், ஏன், நம் எடைமேடை வரிசையிலும், ஆணையிட்டுச் சொல்லும் அளவுக்கு உறுதியோடு பல்லாயிரவர் பேசினார்கள். காணாததையும் கேளாததையும் கண்டதாகவும் கேட்டதாகவும் ஒருவன் பேசினால் அதற்கு நம் நூல்களில் என்ன பெயர் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு கேரள அணிக்கு 4 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. பயிற்சியாளருக்குப் பத்து ஆட்டங்கள் தடையும் 5 இலட்சம் ரூபாய் அபராதமும் கிடைத்தன. தண்டனை மிகுதி என்போர் உண்டு. அளவைப் பற்றி நான் வாதிடேன். ஆனால் வெளியேறியது தவறு என்பதில் எனக்கு ஐயமில்லை. நடுவர் தவறியே இருக்கட்டும். தீர்ப்புத் தவறானது என்று முறையிடுவது வேறு. தீர்ப்பளிக்கும் இடத்தையே ஏற்க மறுப்பது வேறு. முன்னது நீதியின்மேல் நம்பிக்கை உள்ளவனின் செயல். பின்னது, நான் வெல்லும்வரைதான் இது நீதிமன்றம் என்பவனின் செயல்.

நீதிபதி என்பவர் மறைபொருளை அறிந்தவர் அல்லர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே இதைத் தம்மைப் பற்றித் தெளிவாக அறிவித்திருக்கிறார்கள். தம்மிடம் வழக்கைக் கொண்டு வருவோரில் ஒருவர் மற்றவரைவிட நாவன்மை மிக்கவராக இருக்கலாம் என்றும், தாம் கேட்டதைக் கொண்டே தீர்ப்பளிப்பதாகவும், அதன்படி பிறருக்குரியது ஒருவருக்குத் தீர்ப்பாகிவிட்டால் அதை அவர் எடுத்துக்கொள்ளலாகாது, அது நெருப்புத் துண்டு என்றும் பெருமானார் எச்சரித்ததை உம்மு ஸலமா (ரலி) அவர்கள் வாயிலாக அறிகின்றோம். வஹீ இறங்கப்பெற்றவர் வழக்கு மன்றத்தில் அமரும்போது வெளிப்படையைக் கொண்டே தீர்ப்பளித்தார் என்றால், விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தொண்ணூறு நிமிடம் ஓடும் ஒரு மனிதரிடம் நாம் எதிர்பார்ப்பது என்ன? இந்த நபிமொழியில் கவனிக்க வேண்டிய மற்றொன்று, எச்சரிக்கை யாரை நோக்கியது என்பது. அது நீதிபதியை நோக்கியதன்று; வென்றவனை நோக்கியது.

இதற்கு உதாரணமாக ஒரு செய்தியை நம் உஸ்தாதுமார்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதன் அறிவிப்பாளர் தொடரைப் பற்றி ஹதீஸ் கலை வல்லார் குறை சொல்வதுண்டு. ஆயினும் சட்ட நூலார் அதை எடுத்தாளத் தயங்கியதில்லை. கலீபா அலீ (ரலி) அவர்கள் தம்முடைய காணாமற்போன கவசத்தை முஸ்லிமல்லாத குடிமகன் ஒருவரிடம் கண்டு காழி ஷுரைஹிடம் வழக்குரைத்தார்கள். காழி சாட்சி கேட்டார். மகன் ஹஸன் (ரலி) அவர்களை அழைத்தபோது, தந்தைக்கு மகன் சாட்சியாகான் என்று மறுத்து, கவசம் எதிரிக்கே என்று தீர்ப்பளித்தார். உண்மை ஒரு பக்கம் இருக்க, தீர்ப்பு மறுபக்கம் சென்றது. தோற்றவர் நாட்டையே ஆண்டவர். ஆனாலும் எழுந்து சென்றார். அதன் பிறகு நடந்ததுதான் நம் பொருளுக்கு வேண்டியது. வென்ற மனிதரால் அந்த வெற்றியைச் சுமக்க முடியவில்லை. கவசம் உங்களுடையதே என்று அவராகவே ஒப்புக்கொண்டார்.

தோற்றவர்கள் எழுந்து செல்லாத இடங்களில் என்ன நேரும் என்பதையும் சொல்லியாக வேண்டும். 1964 மே 24ஆம் நாள் பெரு நாட்டின் லிமா நகரில் பெருவும் அர்ஜென்டினாவும் ஆடிய ஆட்டத்தில் பெரு போட்ட கோல் ஒன்றை நடுவர் செல்லாது என்றார். கூட்டம் பொங்கியது, காவலர்கள் கண்ணீர்ப் புகை வீசினார்கள், நெரிசலில் இறந்தோர் அதிகாரக் கணக்கின்படி 328 பேர். நம் நாட்டில், 1980 ஆகஸ்ட் 16ஆம் நாள், கல்கத்தா ஈடன் கார்டனில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் ஆடிய ஆட்டத்தில், களத்தில் இரு வீரர்களிடையே எழுந்த பூசல் மேடைக்குப் பரவிப் பதினாறு பேர் உயிரிழந்தனர். ஆட்டம் பார்க்கவென்று வீட்டில் சொல்லிவிட்டுப் போனவர்கள். ஆண்டுதோறும் அந்த நாளில் கல்கத்தாவில் கால்பந்து அன்பர்கள் இரத்ததானம் செய்கிறார்கள். 2012 டிசம்பர் 9ஆம் நாள் அதே இரண்டு அணிகளும் சால்ட் லேக் மைதானத்தில் ஆடியபோது, மேடையிலிருந்து வந்த கல் ஒன்று மோகன் பகானின் சையத் ரஹீம் நபியின் முகத்தைத் தாக்கியது. அந்த ஆட்டமும் பாதியில் நின்றது. கல்லெறிந்த கை, அந்தக் கணத்தில், தான் நீதிக்காக எழுந்த கை என்றே எண்ணியிருக்கும்.

ஒரு கூட்டத்தார்மீது நீங்கள் கொண்ட வெறுப்பு உங்களை நீதம் தவறச் செய்துவிட வேண்டாம் என்று ஐந்தாம் அத்தியாயத்தில் அருள்மறை கட்டளையிடுகிறது. உங்களுக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ பாதகமாயினும் சாட்சியத்தில் நிலைத்திருங்கள் என்று நான்காம் அத்தியாயத்தில் கட்டளையிடுகிறது. இந்த இரண்டையும் ஒருங்கே வைத்துப் பார்த்தால், வெறுப்பு மட்டுமன்றி விருப்பமும் கண்ணைக் கெடுக்கும் என்பது விளங்கும். கத்தார் இறுதியாட்டம் முடிந்த பின், அர்ஜென்டினாவின் மூன்றாவது கோலின்போது அந்த அணியின் மாற்று ஆட்டக்காரர்கள் களத்துக்குள் கால் வைத்திருந்தார்கள், ஆகவே கோல் செல்லாது என்று பிரான்சில் ஒரு வாதம் எழுந்தது. நடுவராக இருந்த போலந்து நாட்டு ஷிமோன் மார்ச்சினியாக் கோபப்படவில்லை. தம் கைப்பேசியில் ஒரு படத்தை எடுத்துக் காட்டினார். பிரான்சின் எம்பாப்பே கோல் போட்ட வேளையில் பிரான்சின் ஏழு மாற்று ஆட்டக்காரர்கள் களத்துக்குள் நின்ற படம் அது. எதிரணியின் கால்களை எண்ணிய கண்களுக்குத் தம்மவரின் ஏழு பேர் தென்படவில்லை.

இனி, உண்மையை அறிந்தவனிடம் வருவோம்.

1986 ஜூன் 22ஆம் நாள் மெக்சிகோ நகரின் அஸ்டெக்கா மைதானத்தில் அர்ஜென்டினாவும் இங்கிலாந்தும் ஆடின. டியாகோ மரடோனா கோல் காப்பாளர் ஷில்டனுக்கு மேலே எழும்பி இடக் கையால் பந்தைத் தட்டி உள்ளே அனுப்பினார். நடுவர் துனீசியாவைச் சேர்ந்த அலீ பெனாசுர். அவருக்கு ஐயம் இருந்தது. துணை நடுவரான பல்கேரியாவின் போக்தான் தோச்செவைப் பார்த்தார். கொடி உயரவில்லை. கோல் என்றார். பின்னாளில் இருவரும் பழியை ஒருவர்மேல் ஒருவர் சுமத்திக்கொண்டார்கள். சாட்சி வாய் திறவாதபோது காழி என்ன செய்வார்? உலகம் முழுவதும் பெனாசுரைக் குருடர் என்றது. மரடோனாவோ, அது சிறிது தன் தலை, சிறிது கடவுளின் கை என்று சொல்லிச் சிரித்தார். திருட்டுக்கு இறைவனைக் கூட்டாளியாக்கிய அந்தச் சொல்லை இன்றும் நகைச்சுவை என்று இரசிக்கிறார்கள். எனக்கு அதில் சிரிப்பு வரவில்லை.

2009 நவம்பர் 18ஆம் நாள் பாரிசில் இன்னொன்று. உலகக் கோப்பைக்குத் தகுதி பெறுவது பிரான்சா அயர்லாந்தா என்ற ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில், தியரி ஆன்றி கையால் பந்தைத் தடுத்துத் தள்ளிக் கொடுக்க, வில்லியம் கல்லாஸ் கோல் போட்டார். அயர்லாந்து வெளியேறியது. ஆட்டம் முடிந்ததும் ஆன்றி மறைக்கவில்லை. கையில் பட்டது உண்மைதான், ஆனால் நான் நடுவர் அல்லவே என்றார். இரண்டு நாள் கழித்து, மறு ஆட்டம் நடத்துவதே நியாயம் என்றும் சொன்னார். சர்வதேசக் கால்பந்துச் சம்மேளனம் மறு ஆட்டத்துக்கு இசையவில்லை. அயர்லாந்துச் சங்கத்துக்கு அச்சம்மேளனம் 50 இலட்சம் யூரோ கொடுத்த செய்தி 2015இல்தான் வெளிவந்தது. பணத்தின் கதை கிடக்கட்டும். நான் நடுவர் அல்லவே என்ற சொல்லைத்தான் நாம் ஆராய வேண்டும். ஏனெனில் அது பொய்யன்று. நம் ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் அந்த வாதத்தின்மேல்தான் நிற்கிறார்கள்.

என்னிடம் ஓதி, இப்போது திருவண்ணாமலையில் வேலை பார்க்கும் பிள்ளை ஒருவன் இதைச் சட்ட நூலைக் கொண்டே நிறுவ முயன்றான். இமாம் அபூ ஹனீபா (ரஹ்) அவர்களின் முடிவு ஒன்று உண்டு. ஒப்பந்தம் செய்வதும் முறிப்பதுமான வழக்குகளில் காழியின் தீர்ப்பு ளாஹிரில் மட்டுமன்றி பாத்தினிலும், அதாவது வெளியுலகில் மட்டுமன்றி உள்ளபடியும் செல்லும் என்பார்கள். அவர்களுடைய மாணவர்களான அபூ யூசுபும் முஹம்மதும் (ரஹ்) இதில் ஆசிரியரோடு உடன்படவில்லை. ஷாஃபியீ மத்ஹபினரும் ஏற்பதில்லை. வெறும் பொருளுரிமை வழக்குகளில் இமாமவர்களும் அப்படிச் சொல்லவில்லை. பிள்ளையின் வாதம் இதுதான்: "ஹஜ்ரத், கோல் என்பது கவசம் போல் முன்பே இருந்த பொருளன்று. மாடு, நிலம் போல் நடுவர் வருவதற்கு முன்னால் யாருக்கும் உரிமையாக இருந்ததன்று. நடுவர் சொல்வதால்தான் அது கோல் ஆகிறது. ஆகவே அவர் சொன்ன பிறகு அது உள்ளபடியே கோல்தான். வென்றவன் மறைக்க வேண்டியது எதுவுமில்லை."

கேட்டபோது மனத்துக்குள் மகிழ்ந்தேன் என்பதை மறைப்பானேன்? கிதாபை மூடிவைத்த பின்னும் அது அவனுக்குள் திறந்திருக்கிறது. வாதத்தின் முற்பாதி சரியே. கோல் கோல்தான். அதை அழிக்க வேண்டியதில்லை. 1986இன் கோப்பையைத் திருப்பிக் கேட்க வேண்டியதுமில்லை. ஆனால் பிற்பாதி சரியன்று. இமாமவர்களின் முடிவில், தீர்ப்பு உள்ளபடி செல்லுபடியான பிறகும் பொய்ச் சாட்சி சொன்னவன் பெரும் பாவியாகவே இருக்கிறான். தீர்ப்பின் செல்லுபடி வேறு, பொய்யின் பாவம் வேறு. ஒன்றைக் கொண்டு மற்றொன்றைக் கழுவ முடியாது. நம் ஆலைக்குக் கரும்பு வருகிறதல்லவா? எடைச்சீட்டு எழுதிய பிறகு கணக்கு முடிந்தது. கட்டுக்குள் சோகையையும் வேர் மண்ணையும் சேர்த்துக் கட்டியவன் எவனாவது இருந்தால், சீட்டில் உள்ள தொகை அவனுக்குக் கிடைக்கும். அவன் கட்டியது கரும்பு ஆகிவிடாது. இரசிகர்கள் செய்யும் பிழை, ஆட்டக் கணக்கில் கோல் நிற்கிறது என்பதற்காக அந்தக் கையையும் புகழுக்குரியதாக ஆக்கிவிடுவது.

ஆட்டமென்றால் ஏமாற்றுவதுதானே, வலப்பக்கம் போவதாகக் காட்டி இடப்பக்கம் போகிறானே என்பார்கள். அது எதிரியை ஏமாற்றுவது. எதிரி அதற்கு உடன்பட்டே களத்தில் இறங்குகிறான். அவனும் அதையே செய்கிறான். சதுரங்கத்தில் குதிரையை மறைத்து நகர்த்துவது போன்றது அது. கையால் தள்ளுகிறவன் எதிரியை ஏமாற்றவில்லை. எதிரிகள் எல்லாரும் கண்டு கத்துகிறார்கள். அவன் ஏமாற்றுவது இருவருக்கும் பொதுவான நடுவரை. உராயாத காலைப் பிடித்துக்கொண்டு பெனால்டி எல்லைக்குள் விழுந்து புரள்கிறானே, அவனுடைய அந்த விழுதலும் ஒரு சாட்சியம்தான். நாவால் சொல்லாமல் உடலால் சொன்ன பொய்ச் சாட்சியம்.

இதைவிடக் கடினமான வாதம் ஒன்று உண்டு. ஆட்டக்காரன் தனியாள் அல்லன். அவன் ஒப்புக்கொண்டால் இழப்பு அவனுக்கு மட்டுமா? உடன் ஆடும் பத்துப் பேருக்கும், ஊருக்கும், சில சமயம் ஒரு நாட்டுக்கும். அவர்களுடைய உரிமையை விட்டுக்கொடுக்க இவன் யார்? இக்ரார், அதாவது ஒப்புதல், சொன்னவனை மட்டுமே கட்டுப்படுத்தும் குறுகிய ஆதாரம் என்பது நூலார் விதி. அது பிறர்மீது செல்லாது. இதை மனத்தில் வைத்து 1997 மார்ச் 24ஆம் நாள் இலண்டனில் நடந்ததைப் பாருங்கள். ஆர்சனல் அணிக்கு எதிராக லிவர்பூலின் ராபி ஃபவுலர் விழுந்தார். நடுவர் ஜெரல்ட் ஆஷ்பி பெனால்டி என்றார். ஃபவுலரோ, கோல் காப்பாளர் சீமன் தம்மைத் தொடவில்லை என்று கையசைத்து மறுத்தார். நடுவர் கேட்கவில்லை. ஃபவுலரே உதைத்தார்; சீமன் தடுத்தார்; தெறித்து வந்த பந்தை மெக்கட்டீர் கோலாக்கினார். வேண்டுமென்று தவறவிட்டதில்லை, கோல் போடவே முயன்றதாக ஃபவுலர் பின்னர் கூறினார். அவரை நான் குறை கூறேன். சொல்ல வேண்டியதைச் சொன்னார்; தீர்ப்பு வந்தபின் அதற்குக் கீழ்ப்பட்டார். 2012 செப்டம்பர் 26ஆம் நாள் இத்தாலியில் லாட்சியோ அணியின் மிரோஸ்லாவ் குளோசே, தாம் போட்ட கோல் கையில் பட்டது என்று நடுவரிடம் சொன்னார். அந்த நடுவர் ஏற்றுக் கோலை நீக்கினார். லாட்சியோ மூன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்றது. இரண்டு நடுவர்கள், இரண்டு முடிவுகள். சொன்னவர்களின் கடமை மட்டும் ஒன்றே.

பத்துப் பேரின் உரிமை என்ற வாதத்துக்கு என் விடை இது. கையால் பெற்ற கோலில் அந்தப் பத்துப் பேருக்கும் முதலிலேயே உரிமை பிறக்கவில்லை. இல்லாததை விட்டுக்கொடுத்தான் என்று ஒருவனைக் குற்றம் சொல்ல முடியாது. மேலும், தன் அணிக்கு எதிராகப் பேசும்போது அவன் ஒப்புக்கொள்பவன் மட்டுமல்லன், சாட்சியும் ஆகிறான். அலீ (ரலி) அவர்களுக்காக மகன் சொல்ல வந்ததை மறுத்தது, அன்பு சாட்சியத்தைச் சாய்க்கும் என்பதால். தன்னவருக்கு எதிராகச் சொல்லும் சாட்சியத்தில் அந்த ஐயத்துக்கே இடமில்லை. ஆனாலும் இதைச் சொல்வது எளிது. எண்பதாயிரம் பேர் சூழ்ந்த மைதானத்தில் இருபத்தைந்து வயதுப் பிள்ளை ஒருவன் செய்வது எளிதன்று என்பதை அறிவேன். ஊருக்குத் திரும்பினால் அவன் வீட்டுக் கண்ணாடி உடையும். அதை உடைப்பவர்கள் நம்மைப் போன்ற இரசிகர்கள்.

சாத்தனூர் அணையில் தண்ணீர் திறக்காத மாதங்களில் எங்கள் ஊர்ச் சிறுவர்கள் ஆற்று மணலில் ஆடுவார்கள். செருப்புகள்தாம் கோல் கம்பங்கள். நடுவர் கிடையாது. பந்து கையில் பட்டால், பட்டவனே "கை" என்று கத்தி நின்றுவிடுவான். சண்டை வராமலில்லை, ஆனால் பொய் சொல்பவன் என்று பெயர் எடுத்தவனை மறுநாள் எந்தப் பக்கமும் சேர்ப்பதில்லை. இந்தச் சிறுவர்களே வளர்ந்து சீருடை அணிந்து போட்டிகளுக்குப் போகும்போது, விசில் உள்ளவர் ஒருவர் வந்துவிட்டால், உண்மை சொல்லும் வேலை தங்களுடையதன்று என்று கற்றுக்கொள்கிறார்கள். யார் கற்றுக்கொடுக்கிறார்கள்?

அணித் தேர்வைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனெனில் அங்கே கோபத்துக்கு ஓரளவு நியாயம் உண்டு. நடுவர் ஒரு நொடியில் முடிவு செய்கிறார். தேர்வாளருக்கு அவகாசம் உண்டு. பொறுப்பு அமானத், வலிமையும் நம்பகமும் உள்ளவரையே பணிக்கு அமர்த்த வேண்டும் என்ற கருத்து மூஸா நபியின் வரலாற்றில் ஒரு பெண்மணியின் வாயால் வருகிறது. ஆனால் தேர்ந்தெடுக்கப்படாதவன் இழிந்தவன் ஆகிவிடான். பதவி கேட்ட அபூதர் (ரலி) அவர்களை, அது அமானத், நீர் பலவீனர் என்று அன்போடு தட்டிக் கொடுத்து மறுத்தார்கள் பெருமானார். பதின்பருவத்தைத் தாண்டாத உஸாமா (ரலி) அவர்களைப் படைத் தலைவராக்கியபோது, மூத்தோர் இருக்க இவரா என்று மதீனாவிலேயே முணுமுணுப்பு எழுந்தது. அவருடைய தந்தையைப் பற்றியும் இப்படித்தான் பேசினீர்கள் என்பது கிடைத்த விடை. இரசிகர் கூட்டம் புதிதாகத் தோன்றியதன்று.

நம் நாட்டில் இந்தக் கலைக்கு உதாரணம் ஐதராபாத்துப் பள்ளி ஆசிரியர் சையத் அப்துல் ரஹீம். 1962இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இந்தியா முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் இரண்டு கோலில் தோற்றது. தற்காப்பு வீரர் ஜர்னைல் சிங்குக்குத் தாய்லாந்து ஆட்டத்தில் தலையில் அடிபட்டுத் தையல் போடப்பட்டிருந்தது. ரஹீம் அவரை விலக்கவில்லை, முன்வரிசைக்கு அனுப்பினார். செப்டம்பர் 4ஆம் நாள் இறுதியாட்டத்தில் அதே தென் கொரியாவை இரண்டுக்கு ஒன்று என வென்றபோது ஒரு கோல் பி. கே. பானர்ஜியுடையது, மற்றொன்று அந்தத் தையல் போட்ட தலைக்காரருடையது. பீட்டர் தங்கராஜ், சுனி கோஸ்வாமி, யூசுப் கான், துளசிதாஸ் பலராம் என்று அந்த அணியின் பெயர்களைப் படித்துப் பாருங்கள். எந்த ஊருக்கு எத்தனை பேர், எந்தச் சமயத்துக்கு எத்தனை பேர் என்று பங்கு வைத்த பட்டியலாகத் தோன்றாது. முதல் தோல்வியன்றே ரஹீமின் முடிவுகளை நம் தேநீர்க் கடைக்குக் கொண்டு வந்திருந்தால் என்ன தீர்ப்புக் கிடைத்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். புற்றுநோயோடு போராடிய அவர் அடுத்த ஆண்டு ஜூனில் காலமானார்.

காணொளி மறுபார்வை வந்துவிட்டது, இனி வழக்கு இல்லை என்றார்கள். 2018 உலகக் கோப்பையில் அது முதன்முதலாகப் புகுந்தது. வழக்குகள் குறையவில்லை, இடம் மாறின. 2022இல் சஊதி அரேபியா அர்ஜென்டினாவை இரண்டுக்கு ஒன்று என்று வென்ற நாளில், முற்பாதியில் அர்ஜென்டினா வலைக்குள் அனுப்பிய மூன்று பந்துகள் ஆஃப்சைடு என்று தள்ளப்பட்டன. அன்று இயந்திரத்தை வாழ்த்திய அதே வாய்கள், அர்ஜென்டினாவுக்குப் பெனால்டிகள் கிடைத்த நாள்களில் அதைச் சபித்தன. தோளின் ஓரம் கோட்டைத் தாண்டியதை இயந்திரம் காட்டும். விழுந்தவன் தானாக விழுந்தானா என்பதை அவனைத் தவிர யார் சொல்வது?

அலீ பெனாசுரைப் பற்றி ஒரு செய்தி மீதம் இருக்கிறது. 2015இல் மரடோனா துனீசியாவுக்கு வந்தபோது அவருடைய வீட்டைத் தேடிச் சென்றார். தம் கையொப்பமிட்ட அர்ஜென்டினா சட்டையை அவருக்குக் கொடுத்தார். என்றைக்கும் என் நண்பர் அலீக்கு என்ற பொருள்பட அதில் எழுதியிருந்தார். பெனாசுர் அவரை வரவேற்று உபசரித்தார். அந்த ஆட்டத்தின் பந்து முப்பத்தாறு ஆண்டுகள் பெனாசுரிடமே இருந்தது. 2022 நவம்பரில் அதை இலண்டனில் ஏலத்தில் விட்டார். 20 இலட்சம் பவுனுக்குப் போயிற்று.